யப்பான் அண்ணை வாசலில் சொன்னது

சினிமாவில் நடிக்கிறேன் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் "எந்தப் படம்?" என்று அடுத்த கேள்வி வரும். நான் நடித்த படங்களில் முக்கால்வாசியின் பெயர் எனக்கே தெரியாது. விமான நிலையத்தில் பெட்டி இழுத்துக்கொண்டு போகிற கூட்டத்தில் ஒருவன், ஆஸ்பத்திரியில் காத்திருந்து இருமுகிறவன், மூலைக்கடை முதலாளி, அதை விட்டால் ரக்சிச் சாரதி. என் முகத்துக்கு ரொறன்ரோவில் ரக்சிச் சாரதி வேஷம் ஓயாமல் வரும். இத்தனைக்கும் 401 நெடுஞ்சாலையில் கார் ஓடப் பயந்து காலம் முழுக்கப் பஸ்ஸில் திரிகிறவன் நான்.

இந்த வேலைக்கு இங்கே 'பாக்ரவுண்ட்' என்று பெயர். கதாநாயகன் காதலியோடு கோப்பி குடிக்கும்போது அடுத்த மேசையில் இருந்து கோப்பி குடிக்கிற வேலை. கமராவைப் பார்க்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. கதைப்பதுபோல வாயை அசைக்கலாம், சத்தம் மட்டும் வரக்கூடாது. மனைவி இறந்தபிறகு என் வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்தேன், ஆகையால் பயிற்சிக்குக் குறைவில்லை.

ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் ஓர் உயரமான கட்டடத்தில் எங்கள் அப்பார்ட்மென்ட். மனைவிக்குப் பிறகு அதில் நான் தனி. மகள் அஜக்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டாள். நல்ல பிள்ளை. கிழமைக்கு ஒருதரம் வந்து, குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து, என்னோடு சண்டை பிடிப்பாள்.

"அப்பா, எங்கட பேஸ்மென்ட் சும்மாதானே கிடக்கு. வந்து இருங்கோவன். சீரியஸ்லி, வை நொட்?"

"நான் என்ன மரவள்ளிக் கிழங்கே, நிலத்துக்குக் கீழ கிடக்க?" என்று பகிடி விடுவேன். அவள் சிரிக்கமாட்டாள்.

எங்கள் கட்டடத்திலேயே இருக்கும் ஒரு பெண்தான் என்னை இந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "ஒண்டும் செய்யத் தேவையில்லை அங்கிள். சும்மா இருந்தாச் சரி, சாப்பாடும் தருவினம்" என்றாள். சும்மா இருக்கச் சம்பளம் தருகிற நாட்டை விட்டுவிட்டு இவ்வளவு காலம் பிளாஸ்டிக் கொம்பனியில் முதுகை முறித்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

பாக்ரவுண்ட் ஆட்களை அடைத்து வைக்க ஒரு மண்டபம் பிடித்திருப்பார்கள். பெரும்பாலும் படம் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள தேவாலயத்தின் கீழ்த்தளமாக இருக்கும். காலையில் போய் இருந்தால் பின்னேரம்வரை கூப்பிடாமலும் விடுவார்கள். இளம் பிள்ளைகள் கூட்டமாக இருந்து போனைத் தடவிக்கொண்டிருக்கும். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவரும் இருப்பதில்லை. ஒரு நாள் அதில் ஒரு கிழவர் வந்து இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். நீளமான முகம், பெரிய காது. சொந்தமாக ஒரு நீலநிறச் சதுர மெத்தை கொண்டு வந்திருந்தார். அதை நாற்காலியில் போட்டுத் தட்டி, எனக்கு ஒருதரம் தலை குனிந்து வணக்கம் வைத்துவிட்டு இருந்தார். பிறகு கண்ணை மூடியவர்தான், மத்தியானம்வரை அசையவில்லை.

சாப்பாட்டு நேரம் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை எனக்கு நீட்டினார்.

"இண்டைக்கு நீங்கள் ஆர்?" என்று கேட்டார்.

"ரக்சி."

"நான் சீனாக்காரன்" என்றார். "போன கிழமை கொரியாக்காரன். சொந்தத்தில யப்பான்."

எங்கள் இருவருடைய இங்கிலீஷும் நொண்டிக் குதிரைகள். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது அவர் என்னோடு யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். எனக்கு அப்படித்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன். அன்றிலிருந்து நான் அவருக்கு 'ரக்சி-சான்'; 'சான்' யப்பானில் பெயரோடு ஒட்டுகிற மரியாதையாம். நான் அவரை அண்ணை என்றேன். வயதில் மூத்த ஆணை வேறு எப்படிக் கூப்பிட எனக்குத் தெரியும்? அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர்களுடைய மொழியில் தமையனுக்கு 'அனி' என்பார்களாம். யப்பான் மொழியும் தமிழும் ஒரு தாய் பிள்ளைகள் என்று எங்கள் ஆட்களில் சிலர் கலியாண வீட்டுப் பந்தியில்கூட வாதாடுவார்கள். நான் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்றைக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.

அவருடைய சினிமா வாழ்க்கையை அவர் எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். கீழ்த்தளக் கதிரைகளில் இருந்து, ஒரு பின்னேரம் ஒரு துண்டு. மீன்பிடி ஊர் ஒன்றிலிருந்து இளவயதில் ரோக்கியோவுக்கு ஓடிப்போனவர். கதாநாயகன் ஆகவேண்டும் என்றுதான் போனார். ஆள் தெரிவு செய்கிறவன் அவரை முன்னாலும் பக்கத்தாலும் பார்த்துவிட்டு, "உன்னுடையது பக்கத்து வீட்டுக்காரனின் முகம்" என்றானாம். அந்த வார்த்தையோடு அவருடைய விதி முடிவாயிற்று. பக்கத்து வீட்டுக்காரன், பொலிஸ்காரன், 'இனி எங்கள் கையில் இல்லை' என்று சொல்கிற டொக்டர், சாவுச் செய்தி கொண்டு வருகிறவன். பெரிய நடிகர் ஒருவர் இவருடைய கையில் கிடந்து உயிர் விடுகிற காட்சி எடுத்தார்களாம். காலையிலிருந்து பின்னேரம்வரை தாங்கிப் பிடித்ததில் இவருக்குக் கை மரத்துப் போனது. படத்தில் இவருடைய விரல்கள் மட்டுந்தான் வந்தன.

பிறகு அடிதடிப் படங்களின் காலம் வந்தது. அதில் இவர் சாகத் தொடங்கினார். படிக்கட்டில் உருண்டு, ஆற்றில் விழுந்து, பனிக்குள் புதைந்து, சூப் குடித்துக்கொண்டே கோப்பையில் முகம் குப்புற. "சாகிறதில கெட்டிக்காரன் எண்டு பேர் எடுத்திட்டன்" என்றார். நான் நம்பாததுபோல முகத்தை வைத்தேன். அவர் எழுந்து மெத்தையை ஒதுக்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்து, ஒரு கதிரையைச் சரித்துக்கொண்டு நிலத்தில் விழுந்தார் பாருங்கள், மண்டபத்தில் அத்தனை போன்களும் கீழே இறங்கின. வோக்கிரோக்கியோடு ஒரு பெண் பிள்ளை அம்புலன்ஸ் என்று கத்திக்கொண்டு ஓடி வந்தது. அண்ணை ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். மனைவி போனபிறகு நான் வயிறு நோகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவருடைய தாய் ஒருதரம் ஊரிலிருந்து அவருடைய படம் பார்க்கப் போனாராம். "பக்கத்தில இருந்தவைக்கு என்ர மகன் எண்டு காட்ட அம்மா விரலை நீட்ட முன்னம் நான் செத்திட்டன்" என்றார். வயது போகப் படங்கள் குறைந்து, மூட்டுவலித் தைல விளம்பரம் ஒன்று வந்தது. தெருவில் ஆட்கள் அவரை அடையாளம் கண்டதெல்லாம் அந்தத் தைலத்தால்தான். பிறகு அவருடைய மனைவி காலமாக, மிசிசாகாவில் இருந்த மகள் அவரை இங்கே கூப்பிட்டாள். மகளுக்கும் மருமகனுக்கும் விமான நிலையத்தில் வேலை. பகல் முழுக்க வீட்டில் இவர் மட்டும், அதுவும் பேஸ்மென்டில். அதைக் கேட்டதும் நான் என் மகளை நினைத்துக்கொண்டேன்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்கள் வீட்டை விட்டுப் புறப்படும்போது 'போறன்' என்று சொல்லமாட்டார்கள். 'போயிட்டார்' என்றால் எங்களுக்கு அது செத்த செய்தி. ஆகவே எங்கே போனாலும் 'போயிட்டு வாறன்', சுருக்கமாக 'வாறன்'. இந்தப் பழக்கத்தால் நான் கொம்பனியில் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. வேலை முடிந்து மேலாளரிடம் "ஐ ஆம் கமிங்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த மனுஷன் நான் வருவேன் என்று கதவைப் பூட்டாமல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அடுத்த நாள் எனக்கு விழுந்த ஏச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் படப்பிடிப்பு வேளைக்கே முடிந்து, பஸ் தரிப்பில் அண்ணையைப் பிரியும்போது என்னை அறியாமல் தமிழில் "வாறன் அண்ணை, போயிட்டு வாறன்" என்றேன். அதென்ன என்று கேட்டார். போகிறேன், ஆனால் வருகிறேன் என்று இரண்டு விரலை நடக்கவிட்டுக் காட்டினேன். அவர் பஸ்ஸுக்கு எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார்.

"இத்தெகிமாஸ்" என்றார்.

யப்பானில் வீட்டை விட்டு இறங்குகிறவர் சொல்கிற சொல்லாம். அதுவும் போயிட்டு வாறன்தான், பிசகில்லாமல் அதேதான். வீட்டில் இருக்கிறவர் "இத்தெராஷ்ஷாய்" என்பார். போயிட்டு வாங்கோ. படங்களில் அவர் அந்தச் சொல்லை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். தொடக்கத்திலேயே இத்தெகிமாஸ் சொல்லிக்கொண்டு வாசலைத் தாண்டுகிற ஆள் சாகத்தான் போகிறான் என்பது படம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியுமாம். ஆனால் படத்தில் ஒருவரும் அவருக்குப் பதில் சொன்னதில்லை.

"பதில் சொல்ல ஒரு நடிகையைப் போட்டா அவவுக்கும் சம்பளம் குடுக்கோணுமே" என்று சிரித்தார். "வீட்டில என்ர மனிசி சொல்லுவா. இப்ப வீட்டிலயும் ஒருத்தரும் இல்லை. பேஸ்மென்ட் கதவைப் பூட்டிப்போட்டுச் சும்மா போறன்."

என் மனைவியும் குசினியில் அடுப்படியில் நின்றபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ம், கவனமாப் போயிட்டு வாங்கோ" என்பாள். அவளுடைய எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து சில நாளில், பழக்க தோஷத்தில் வாசலில் நின்று "போயிட்டு வாறன்" என்று குரல் கொடுத்துவிட்டேன். குளிர்பெட்டிதான் உறுமியது. அன்றைக்கு லிஃப்டுக்குள் நின்று அழுதேன். அதன் பிறகு நானும் கதவைப் பூட்டிக்கொண்டு சும்மாதான் போனேன். இதை மகளுக்குக்கூடச் சொன்னதில்லை. அந்தப் பஸ் தரிப்பில் அவருக்குச் சொன்னேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கதைத்தோம்.

அடுத்த நாள் காலை போன் அடித்தது. எடுத்தேன்.

"இத்தெகிமாஸ்" என்றது குரல்.

"போயிட்டு வாங்கோ அண்ணை" என்றேன். வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. யார் வீட்டை விட்டு வெளிக்கிட்டாலும் மற்றவருக்குப் போன். நான் சொல்ல அவர் தன் மொழியில் பதில் தருவார், அவர் சொல்ல நான் என் மொழியில். ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு எவ்வளவு தூரம்! என்றாலும் நான் வாசலில் நிற்கும்போது அவர் என் குசினியில் நிற்கிறார் என்றே எனக்குத் தோன்றும். சொல்வதற்காகவே வெளியே போகத் தொடங்கினேன். பால் இருக்கவே பால் வாங்கினேன்.

"ஏனப்பா இவ்வளவு பால்? ஆருக்கு?" என்று மகள் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டாள்.

"பிள்ளை, கல்சியம்" என்றேன்.

இலை உதிர்காலத்தில் அண்ணைக்கு ஒரு நல்ல வேஷம் வந்தது. இந்த நாட்டுக்கு வந்தபிறகு முதன்முறையாகக் கமரா அவருடைய முகத்தைப் பார்க்கப் போகிறது, வசனமும் உண்டு. ஒரு சொல் வசனம். கதை இதுதான்: ஓர் இளம்பெண் ஒரு வீட்டை வாங்கிக் குடி வருகிறாள். பக்கத்து வீட்டில் மனைவியை இழந்த யப்பான் கிழவர். ஒரு நாள் அவர் தனியாக ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறார். வாசலில் நின்று வெறும் வீட்டைத் திரும்பிப் பார்த்து "சயோனாரா" என்கிறார். ரக்சி ஏறிப் போகிறார். திரும்பி வருவதில்லை. கதாநாயகி இதையெல்லாம் மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரனில் தொடங்கிய மனிதர் பக்கத்து வீட்டுக்காரனிலேயே வந்து நிற்கிறார் என்று அவரைப் பகிடி பண்ணினேன். ரக்சிச் சாரதி யார் என்று சொல்லத் தேவையில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை, காரை ஓட வேறு ஆள்.

டான்போர்த்துக்குப் பக்கத்தில் ஓர் ஒடுங்கிய தெருவில் படப்பிடிப்பு. இயக்குநர் என் மகளின் வயதுப் பெண், மரியாதையானவள். ஒத்திகை முடிந்ததும் அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார். இத்தனை வருட நடிப்பில் அவர் ஓர் இயக்குநரிடம் எதையும் கேட்டதில்லை என்று எனக்குத் தெரியும். துணை நடிகன் கேள்வி கேட்டால் அடுத்த படத்தில் அவனுடைய இடத்தில் வேறு ஆள் நிற்பான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"வீட்டுக்கு ஒருத்தரும் சயோனாரா சொல்லுறேல்லை" என்றார். "அது திரும்பி வராத ஆக்கள் சொல்லுறது. இந்த மனிசன் இத்தெகிமாஸ் எண்டுதான் சொல்லுவார்."

சயோனாரா என்றால் பார்க்கிறவர்களுக்கு விளங்கும், மற்றது விளங்காதே என்றாள் அவள். பிறகு மெதுவாக, "கதையில் அவர் திரும்பி வருவதில்லையே" என்றாள்.

"அது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது" என்றார் அண்ணை.

அவள் யோசித்தாள். முதலில் சயோனாரா எடுப்போம், வெளிச்சம் மிஞ்சினால் உங்களுடையதையும் ஒருதரம் எடுக்கலாம் என்றாள். அண்ணை தலை குனிந்தார். சயோனாராவை அவர் குறை சொல்லமுடியாதபடி செய்தார், சொல்லச் சொன்ன தடவையெல்லாம் செய்தார். நான் ரக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெயில் கூரையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து வேலிக்கும் இறங்குவதைப் பார்த்துப் பதைத்தபடி நின்றேன். கடைசியில் கமராக்காரன் வானத்தைப் பார்த்துவிட்டு, ஒரேயொரு தரம், அதோடு சரி என்றான்.

அண்ணை சிறிய பையோடு வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். திரும்பி வீட்டைப் பார்த்தார். தெருவில் ஓர் இலை விழுகிற சத்தமும் இல்லை.

"இத்தெகிமாஸ்."

"போயிட்டு வாங்கோ அண்ணை" என்றேன் நான்.

என் வாயால் அது வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் அந்தச் சொல்லுக்கு அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. "கட்" என்று சத்தம் கேட்டது. சவுண்ட் பிடிக்கிற பையன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். எல்லாருமே என்னைப் பார்த்தார்கள்.

"சொறி" என்றேன்.

வெளிச்சம் போய்விட்டது. இயக்குநர் அண்ணையின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். ஆட்கள் வயர்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். அந்த மனிதர் தன் வாழ்நாளில் கேட்ட ஒரேயொரு விஷயத்தை நான் வாயைத் திறந்து கெடுத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. சுரங்க ரயில் மேடையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் மெத்தையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். என் பக்கத்து ரயில் வந்ததும், "ரக்சி-சான், உங்கட யப்பான் உச்சரிப்புச் சரியில்லை" என்றார். நான் சொன்னதோ தமிழ். கோபமா பகிடியா என்று அவருடைய முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, நீங்கள்தானே அவரை ஏத்திக்கொண்டு போற ரக்சி. பிறகேன் போயிட்டு வாங்கோ எண்டு சொல்லுறியள்?"

அதுவும் சரிதான்.

பனி கொட்டத் தொடங்கியதும் காலைப் போன்கள் குறைந்தன. குளிர், வெளியே போகவில்லை என்பார். பிறகு ஒரு நாள் அவருடைய மகள் போனில் வந்தாள். டொக்டர் அதிக காலம் சொல்லவில்லை என்றும், அப்பா தன் ஊருக்கே போக ஆசைப்படுகிறார் என்றும் சொன்னாள். அவர் எனக்குச் சொன்னது வேறு. "தங்கச்சி வீட்டில மீன் நல்லது. அதுதான் போறன்."

விமான நிலையத்துக்குப் போனேன். இரண்டு பஸ், ஒரு ரயில், பிறகும் ஒரு பஸ். வழி முழுக்க "இத்தெராஷ்ஷாய், இத்தெராஷ்ஷாய்" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உச்சரிப்புச் சரியில்லை என்று இனிமேல் அவர் சொல்லக்கூடாது. நாங்கள் இருவரும் பாக்ரவுண்டாகப் பெட்டி இழுத்துக்கொண்டு நடந்த மண்டபம் அது. இப்போது அவர் சக்கர நாற்காலியில், நீல மெத்தையின் மேல் இருந்தார். உள்ளே போகிற இடத்தில் நாற்காலியைத் தள்ளிவந்த தன் மகளை நிற்கச் சொன்னார். கைபிடியை ஊன்றி எழுந்தார். எனக்கு முன்னால் ஆழக் குனிந்து, குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

"சயோனாரா, ரக்சி-சான்" என்றார்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. சயோனாராவுக்கு அது பதில் இல்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வீடு வரும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. பொய்க்காவது ஓர் இத்தெகிமாஸ் சொல்லிவிட்டுப் போனால் மனிதருக்கு என்ன குறைந்துவிடும்? நாங்கள் சொல்கிறோமே! வருவோமா என்று தெரியாமலே எத்தனை வாசல்களில் 'போயிட்டு வாறன்' என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நாங்கள். அடுத்த காலை பால் முடிந்திருந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் போனைப் பிடித்தபடி நின்றேன். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து வெறும் தேத்தண்ணி குடித்தேன்.

பனி உருகுகிற நாளில் அவருடைய மகளிடமிருந்து செய்தி வந்தது. தங்கை வீட்டில், நித்திரையில். கீழே விழவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. அத்தனை விதமாகச் செத்துக் காட்டியவர் ஒருவருக்கும் தெரியாமல் செத்திருக்கிறார்.

அந்தப் படம் அதற்குப் பிறகுதான் தியேட்டருக்கு வந்தது. சனிக்கிழமை தானும் வருவதாக மகள் சொன்னாள். என்னால் அதுவரை பொறுக்க முடியவில்லை. புதன்கிழமை பகல் காட்சிக்கு நகரத்துக்குள் தனியாகப் போனேன். பெரிய மண்டபம், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள். சயோனாராவைக் கேட்க மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு இருந்தேன்.

கதவு திறந்தது. அண்ணை சிறிய பையோடு வெளியே வந்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"இத்தெகிமாஸ்" என்றார்.

நான் கதிரையின் கைபிடியைப் பிடித்துக்கொண்டேன். அது நான் கெடுத்த காட்சி. என் குரல் வரவேண்டிய இடத்தில் ஒரு குருவி கத்தியது. குரலை எடுத்துவிட்டுக் குருவியை வைத்திருக்கிறார்கள். அவருடைய முகத்தை என்ன செய்ய முடியும்? அது அப்படியே இருந்தது. அன்று நான் செய்த பிழையில் பதறி, பார்க்காமல் விட்ட முகம். வெறும் வீட்டைப் பார்த்து நின்றவர் சட்டென்று திரும்புகிறார். முதலில் ஒன்றும் விளங்காத பார்வை. பிறகு வாய் கொஞ்சம் திறக்கிறது, கண் சுருங்குகிறது, முகம் முழுக்கச் சிரிப்பு விரிகிறது. குசினியிலிருந்து பதில் கேட்ட மனிதனின் சிரிப்பு.

அடுத்து மேல்மாடி ஜன்னலில் கதாநாயகியைக் காட்டினார்கள். கிழவர் தன்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்று அவள் கண்ணைத் துடைத்தாள். எனக்கு முன்னால் இருந்த பெண்ணும் மூக்கை உறிஞ்சினாள். அது அவளுக்கு இல்லை, அது எனக்கு என்று எழுந்து நின்று கத்தவேண்டும் போல இருந்தது. திரையில் நான் ஒரு கையும் அரைத் தோளுமாக ரக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணை ஏறினார். கதவு சாத்தப்பட்டது. ரக்சி தெருமுனையில் திரும்பியது.

"போயிட்டு வாங்கோ அண்ணை."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொறி" என்றேன்.